சாக்லேட் புட்டிங்: வைக்கலாமா, கொட்டலாமா?

குழந்தையின் பிறந்த நாளுக்கு ஆசை ஆசையாக சாக்லேட் புட்டிங் செய்தீர்கள். பாதி மிச்சம். மறுநாள் மூடியைத் திறந்து மோந்து பார்க்கிறீர்கள். 'வாசனை நல்லாத்தானே இருக்கு, கொடுத்துடலாம்' என்கிறது மனசு. கொஞ்சம் பொறுங்கள்! ராத்திரி முழுக்க அது எங்கே இருந்தது? அதுதான் முதல் கேள்வி.

வெறும் சாக்லேட்டில் ஈரம் மிகக் குறைவு, சீக்கிரம் கெடாது. பால், முட்டை, கிரீம் சேர்ந்துவிட்டால் கதையே வேறு. 5 முதல் 60 டிகிரி செல்சியஸ் வரையுள்ள சூட்டில் கிருமிகள் மளமளவென்று பெருகும். எனவே இவற்றை 2 மணி நேரத்துக்கு மேல் வெளியே வைக்காதீர்கள். வெயில் 32 டிகிரியைத் தாண்டினால் 1 மணி நேரம்தான்.

எப்படி வைப்பது?

* செய்து முடித்ததும் சின்னச் சின்னக் கிண்ணங்களில் ஊற்றுங்கள். சீக்கிரம் ஆறும். பிறகு மூடி ஃப்ரிஜ்ஜில் வையுங்கள்.

* புட்டிங்கை 2, 3 நாளுக்குள் தீர்த்துவிடுங்கள். பச்சை முட்டை சேர்த்த மூஸ் குழந்தைகளுக்கும் கர்ப்பிணிகளுக்கும் வயதானவர்களுக்கும் வேண்டவே வேண்டாம்.

* கரண்ட் போனால் ஃப்ரிஜ்ஜை அடிக்கடி திறக்காதீர்கள். மூடியே இருந்தால் சுமார் 4 மணி நேரம் குளிர்ச்சி தாங்கும்.

கெட்டுப்போனதை எப்படிக் கண்டுபிடிப்பது?

வீட்டில் செய்த சாக்லேட்டின் மேல் சாம்பல் பூசியதுபோல வெள்ளையாக இருக்கிறதா? பயப்படாதீர்கள். சூட்டில் இளகிய கோகோ வெண்ணெய் மேலே வந்து படிந்திருக்கும். ருசி கொஞ்சம் குறையும். உடம்புக்குக் கெடுதல் இல்லை. ஆனால் பஞ்சு மாதிரி, பச்சையாகவோ கறுப்பாகவோ திட்டுத் திட்டாக இருந்தால் அது பூஞ்சணம். அந்த இடத்தை மட்டும் சுரண்டிவிட்டுச் சாப்பிடாதீர்கள். கேக், புட்டிங் முழுவதையும் கொட்டிவிடுங்கள். புளித்த வாடை, நுரை, பிசுபிசுப்பு, இதில் எது இருந்தாலும் அப்படியே.

ஒன்றை மறக்காதீர்கள். எல்லாக் கிருமியும் வாசனையில் மாட்டிக்கொள்ளாது. நம் கையிலிருந்து பரவும் ஸ்டெஃபைலோகாக்கஸ் என்ற கிருமி, பால் பலகாரத்தில் பெருகி நஞ்சை உண்டாக்கும். நிறம், ருசி எதுவும் மாறாது. 'சுட வெச்சுட்டா சரியாப் போயிடும்' என்பதும் தப்பு. அந்த நஞ்சு சூட்டுக்கு அழியாது. சில மணி நேரத்திலேயே வாந்தி, வயிற்றுவலி, பேதி ஆரம்பித்துவிடும்.

அதனால் மூக்கை நம்பாதீர்கள், கடிகாரத்தை நம்புங்கள். ராத்திரி முழுக்க மேஜை மேலேயே இருந்ததா? யோசிக்காமல் கொட்டிவிடுங்கள். போனால் போகட்டும், அரை லிட்டர் பால்தானே!