விடையைத் திருத்தும் முன் தப்பைப் படியுங்கள்

பி.எஸ்சி. கணிதம் முடித்துவிட்டுப் பெண்ணாடத்திலோ விருத்தாசலத்திலோ சின்னப் பிள்ளைகளுக்கு டியூஷன் சென்டரில் கணக்கு சொல்லித்தரப் போகிறீர்களா? கல்லூரியில் படித்த நுண்கணிதம் அங்கே கைகொடுக்காது. 503-இல் 267 போனால் 364 என்று எழுதும் ஆறாம் வகுப்புப் பையன்தான் உங்களுக்கு முதல் பரீட்சை.

அவன் ஏனோதானோவென்று போடவில்லை. ஒவ்வொரு இலக்கத்திலும் பெரியதிலிருந்து சின்னதைக் கழித்திருக்கிறான். அவனளவில் அது ஒரு விதி. சிவப்பு மையில் அடித்து 236 என்று எழுதிக் கொடுத்தால் நாளைக்கும் அதே விதியோடுதான் வருவான். "எப்படிப் போட்ட, சொல்லு பார்ப்போம்" என்று கேளுங்கள். பிறகு ஐந்து நூறு ரூபாய் விளையாட்டு நோட்டும் மூன்று ஒரு ரூபாயும் கையில் கொடுத்து, 267 ரூபாய் எண்ணித் தரச் சொல்லுங்கள். சில்லறை மாற்றாமல் முடியாது என்று அவனே சொல்வான். நூறை உடைத்தால் பத்து பத்துகள், அதில் ஒன்றை உடைத்தால் பத்து ஒன்றுகள். இதைக் கையால் செய்தவன் நோட்டில் கடன் வாங்கத் தடுமாற மாட்டான்.

அது பிடிபட்டதும் ரயில் கணக்கு. 4.20-க்கு ஏறி 5.05-க்கு இறங்கினால் எவ்வளவு நேரம்? 85 நிமிடம் என்று பதில் வந்தால் ஆச்சரியப்படாதீர்கள். இங்கே கடன் வாங்கினால் வருவது 60. கரும்பு லோடு அனுப்பும் வீட்டுப் பிள்ளையானால் டன்னில் கேளுங்கள். அங்கே வருவது 1,000 கிலோ.

எந்த இடத்திலிருந்து தொடங்குவது? ஜப்பானில் டோரு குமோன் 1954-இல் இரண்டாம் வகுப்பு படித்த தன் மகனுக்காகக் கணக்குத் தாள்கள் எழுதத் தொடங்கினார். பல நாடுகளுக்குப் பரவிய அந்த முறையில் பிள்ளை தனக்குச் சுலபமாக வரும் இடத்திலிருந்துதான் தொடங்கும். தாள் தாளாகப் போட்டுத் தள்ளுவது எனக்கு அவ்வளவாகப் பிடிக்காது. ஆனால் தொடங்கும் இடம் சரி. "ஆறாவது படிக்கிறவனுக்கு மூணாவது கணக்கா சார்?" என்று பெற்றோர் கேட்பார்கள். அவர்கள் கேட்கும்வரை காத்திருக்காமல் முதல் வாரமே நோட்டைக் காட்டிப் பேசிவிடுங்கள்.

தமிழக அரசு 2021 அக்டோபரில் தொடங்கிய இல்லம் தேடிக் கல்வித் திட்டத்தில் தன்னார்வலராக இருந்தவரா? சென்டர் வேலைக்கான விண்ணப்பத்தில் அதை முதலில் எழுதுங்கள். கிடைத்தது மாதம் 1,000 ரூபாய் ஊக்கத்தொகைதான். ஆனால் பல வகுப்புப் பிள்ளைகளை ஒன்றாக உட்காரவைத்துச் சமாளித்த பழக்கம் பட்டத்தில் வராது.

சம்பளம் பேசக் கூச்சப்படாதீர்கள். தலைக்கு இவ்வளவா, மணிக்கணக்கா, மாதச் சம்பளமா? மே மாதம் உண்டா? நோட்டுத் திருத்தும் நேரம் சேருமா? ஒரு வகுப்பில் எத்தனை பேர் என்பதையும் கேளுங்கள். முப்பது பேரை அடைத்தால் யார் தப்பையும் படிக்க முடியாது.

அரசுப் பள்ளி வேலைக்கும் முயல்கிறவர்கள் கவனிக்க: 2009-ஆம் ஆண்டுக் கல்வி உரிமைச் சட்டத்தின் 28-ஆம் பிரிவு, பள்ளி ஆசிரியர்கள் தனியாக டியூஷன் எடுப்பதைத் தடுக்கிறது. பணி ஆணை வந்த அன்றே சென்டரில் சொல்லிவிடுங்கள். எந்தப் பிள்ளை எங்கே தடுமாறுகிறது என்று ஆளுக்கொரு பக்கம் எழுதி, அடுத்து வருபவரிடம் கொடுத்துவிட்டுக் கிளம்புங்கள்.