மனச்சோர்வு திரும்பாமல் காத்தல்

பிள்ளைகளுக்கு வரும் மனச்சோர்வு சோம்பலன்று, பிடிவாதமுமன்று. விளையாட்டிலும் பாடத்திலும் நாட்டமின்மை, உறக்கக்கேடு, ஓயாத எரிச்சல், தன்னையே பழித்தல் ஆகியவை இரு வாரங்களுக்கு மேல் தொடருமாயின் மருத்துவரை நாடுதல் வேண்டும். தக்க மருத்துவத்தால் பெரும்பாலோர் நலம் பெறுகின்றனர். நலம் பெற்ற பின்னர்தான் பெற்றோரின் பொறுப்பு மிகுகிறது.

அமெரிக்காவில் மருத்துவம் பெற்ற வளரிளம் பருவத்தினர் 196 பேரை ஐந்தாண்டுகள் கவனித்த ஆய்வு 2011-இல் வெளிவந்தது. ஏறத்தாழ அனைவரும் குணமடைந்தனர். ஆயினும் குணமடைந்தோரில் பாதிப்பேர் அளவினர்க்கு நோய் திரும்பியது. 2008-இல் வெளியான மற்றோர் ஆய்வில், ஃபுளூவாக்செடின் மருந்தால் தேறியபின் ஆறு மாதம் அதனைத் தொடர்ந்த 50 பிள்ளைகளில் 21 பேருக்கும், வெற்று மாத்திரை பெற்ற 52 பேரில் 36 பேருக்கும் நோய் மீண்டது. இவற்றிலிருந்து நாம் கொள்ள வேண்டுவன நான்கு.

1. மருந்து: முகம் தெளிந்ததென்று நாமாக மருந்தை நிறுத்தலாகாது, மருத்துவரே படிப்படியாகக் குறைப்பார். காடாம்புலியூரிலிருந்து கடலூர் சென்று வருவதற்குள் ஒரு நாள் வேலை கெடும். முந்திரிப் பருவத்தில் பயணம் தள்ளிப்போவதும் இயல்பே. ஆதலின் ஒரு வார மாத்திரை கையிருப்பில் உள்ளபோதே புறப்படுதல் நன்று. நம் இல்லங்களின் இரவுண்ணா நெறியை முதலிலேயே மருத்துவரிடம் கூறி, காலையிலோ பொழுது சாயுமுன்னரோ மருந்து தர இயலுமா எனக் கேட்டறிக. உபவாசம் மேற்கொள்வதாயினும் அவரைக் கேட்ட பின்னரே.

2. முன்னறிகுறி: சென்றமுறை முதலில் தோன்றிய மாற்றம் யாது? உணவைத் தள்ளியதா, நண்பரைத் தவிர்த்ததா? பிள்ளையுடன் அமர்ந்து எழுதி வைத்திடுக. அது மீண்டும் தலைகாட்டின் காலந்தாழ்த்தாது மருத்துவரைக் காண்க.

3. தேர்வு: பொதுத்தேர்வில் முதலிடம் பெற்றோர் பட்டியல் வெளியிடுவதைத் தமிழக அரசு 2017-இல் கைவிட்டது. இல்லத்திலும் அண்டைவீட்டுப் பிள்ளையோடு ஒப்பிடும் வழக்கம் ஒழிய வேண்டும். தவறினால் துணைத்தேர்வு உண்டென்பதை முடிவு வருமுன்னரே சொல்லி வைப்போம்.

4. சொல்: கடுஞ்சொல்லும் இம்சையே. "எல்லாம் உன் வினை" என்பது நோயுற்ற பிள்ளைக்கு ஆறுதலாகாது. "வாழப் பிடிக்கவில்லை" என்று பிள்ளை கூறினால் அதட்டாது, சாகும் எண்ணம் உண்டா என நேரே கேட்க. தனியே விடற்க, தோட்டத்துப் பூச்சிமருந்தைப் பூட்டி வைக்க. 2022-இல் தொடங்கப்பெற்ற டெலி மானஸ் தொலைபேசி உதவி 14416 என்னும் எண்ணில் இரவுபகலாகக் கட்டணமின்றிக் கிடைக்கிறது.

எறும்புக்கும் தீங்கு நேராது பார்த்து நடக்கும் நாம், நம் மடியில் வளரும் உயிரின் வாட்டத்தையும் அவ்வாறே உற்று நோக்குவோமாக.