ஆர்க்யுமென்ட்களை ஃபைலிலிருந்து கொடுப்பது: எந்த வழி நல்லது?

ஒரு கமாண்டுக்குக் கொடுக்க வேண்டிய ஃபைல் பெயர்கள் ஆயிரக்கணக்கில் ஒரு டெக்ஸ்ட் ஃபைலில் கிடக்கின்றன. லினக்ஸில் அவற்றை ஒப்படைக்கப் பல வழிகள் உண்டு. எதைத் தேர்ந்தெடுப்பதானாலும் முதலில் பார்க்க வேண்டியது, அந்தப் பட்டியலைத் தனித்தனிப் பெயர்களாகப் பிரிப்பது யார் என்பதைத்தான்.

டாலர் குறி போட்டு, அடைப்புக்குறிக்குள் 'கேட்' கமாண்டை எழுதுவதுதான் பலருக்கும் பழக்கம். இதில் பிரிப்பது ஷெல். இடைவெளி வந்த இடத்திலெல்லாம் வெட்டிவிடும். ஃபைலுக்குள் "கோடை விடுமுறை" என்று மேற்கோள் குறி போட்டு வைத்தாலும் காப்பாற்றாது. "கோடை என்று ஒரு ஆர்க்யுமென்ட், விடுமுறை" என்று இன்னொன்று, குறிகளும் ஒட்டிக்கொண்டே போகும். நட்சத்திரக் குறி இருந்தால் அந்த டைரக்டரியில் உள்ள ஃபைல் பெயர்களாக அது விரிந்துவிடும். நீளத்துக்கும் வரம்பு உண்டு. கெர்னல் 2.6.23 முதல், ஸ்டாக் வரம்பில் கால் பங்கு. வழக்கமான 8 எம்பி ஸ்டாக்குக்கு 2 எம்பி.

அந்த வரம்பைத் தாண்ட 'எக்ஸ்ஆர்க்ஸ்' இருக்கிறது. பட்டியல் நீண்டால் கமாண்டைப் பல தடவை ஓட்டும். ஃபைல்களை அழிக்கவோ தேடவோ இது அருமையான கருவி. ஆனால் 'தார்' கொண்டு புதிய ஆர்க்கைவ் உருவாக்கும்போது இதை நம்பாதீர்கள்: இரண்டாவது ஓட்டம் முதல் ஓட்டத்தின் ஆர்க்கைவை அழித்து எழுதிவிடும், பிழைச் செய்தியும் வராது. தாருக்கே பட்டியலைப் படிக்கும் ஆப்ஷன் உண்டு, அதைக் கொடுங்கள். எக்ஸ்ஆர்க்ஸைப் பயன்படுத்தும்போது -0 ஆப்ஷனோடு, பெயர்களை நல் பைட்டால் பிரித்துக் கொடுப்பதே பத்திரம்.

புரோகிராமே ஃபைலைப் படித்துக்கொள்வதுதான் என் முதல் தேர்வு. ஜிசிசி, ஜாவாசி இரண்டிலும் ஃபைல் பெயருக்கு முன்னால் @ போட்டால் போதும். நீள வரம்பு தொல்லை இல்லை. விண்டோஸின் கமாண்ட் பிராம்ப்ட்டில் ஒரு வரிக்கு 8191 எழுத்துதான் என்பதால், அங்கே இது இன்னும் அவசியம். பிரிக்கும் விதி மட்டும் புரோகிராமுக்குப் புரோகிராம் மாறும். ஜிசிசி இடைவெளியில் பிரிக்கும், மேற்கோள் குறியை மதிக்கும். பைத்தானின் ஆர்க்பார்ஸில் இந்த வசதியை நாமே இயக்க வேண்டும். இயக்கினால் ஒரு வரி முழுவதும் ஒரே ஆர்க்யுமென்ட். ஆப்ஷனை ஒரு வரியிலும் அதன் மதிப்பை அடுத்த வரியிலும் எழுதுங்கள்.

பாஸ்வேர்ட் இருக்கும் இடத்தில் வேறு பேச்சே வேண்டாம். கேட், எக்ஸ்ஆர்க்ஸ் இரண்டிலும் அது கமாண்ட் வரியில் ஏறி, அதே கணினியில் உள்ள மற்றவர்களுக்கு 'பிஎஸ்' பட்டியலில் தெரியக்கூடும். கர்ல் போன்றவை கான்ஃபிக் ஃபைலை நேரே படிக்கும். அதைப் பயன்படுத்தி, ஃபைலின் பர்மிஷனையும் இறுக்கிவிடுங்கள்.

நீங்கள் புரோகிராம் எழுதுபவர் என்றால் ஒரு வேண்டுகோள்: பட்டியலை ஃபைலிலிருந்து படிக்கும் ஆப்ஷனைச் சேருங்கள், கூடவே நல் பைட்டில் பிரிக்கும் வசதியையும். லினக்ஸில் ஃபைல் பெயருக்குள் புது வரி எழுத்துகூட வரலாம். நல் பைட் வரவே முடியாது.