இடிபாட்டுத் தொட்டியில் இடத்தக்கனவும் தகாதனவும்

நகரங்கள் வளருங்கால் புதிய கட்டடங்கள் எழுகின்றன, பழையன இடிக்கப்படுகின்றன. இடிபாடுகளை அகற்ற வேண்டிய வீட்டுக்காரர் டிராக்டர் வண்டியையோ, லாரியில் ஏற்றிச் செல்லப்படும் இரும்புத் தொட்டியையோ வாடகைக்கு அமர்த்துகிறார். தில்லி வட்டாரத்தில் ‘மல்பா’ என வழங்கப்படும் இக்கழிவு வாசலைக் கடந்துவிட்டால் வேலை முடிந்தது என்பதே பொதுவான எண்ணம். ஆனால், அத்தொட்டியில் எவையெவை சேர்ந்தன என்பதைப் பொறுத்தே அது மூலப்பொருளாவதும், ஊருக்குச் சுமையாவதும் அமைகின்றன.

விதிகள் கூறுவது

2000ஆம் ஆண்டின் விதிகளில் இடிபாடுகள் நகரத் திடக்கழிவின் ஒரு பகுதியாகவே கருதப்பட்டன. 2016 மார்ச்சில் மத்திய அரசு கட்டுமான, இடிப்புக் கழிவுகளுக்கெனத் தனி விதிகளை வெளியிட்டது. கட்டுதல், மாற்றியமைத்தல், பழுது பார்த்தல், இடித்தல் ஆகியவற்றால் விளையும் கட்டடப் பொருள்களும் இடிபாடுகளுமே இவ்வகைக் கழிவாகும் என அவை வரையறுத்தன. நாளொன்றுக்கு 20 டன்னுக்கு மேல், அல்லது ஒரு திட்டத்தில் மாதத்திற்கு 300 டன்னுக்கு மேல் கழிவு உண்டாக்குவோர் அதனை நான்கு வகைகளாகப் பிரிக்க வேண்டும் என்றும் விதித்தன. கான்கிரீட், மண், எஃகும் மரமும் பிளாஸ்டிக்கும், செங்கல்லும் காரையும் என்பன அந்நான்கு வகைகள்.

இடத்தக்கவை

செங்கல், கான்கிரீட், காரை, ஓடு, கல் ஆகியன தொட்டிக்கு உரியவை. மண்ணைத் தனியே ஏற்றுதல் நலம். தில்லி புராரியில் 2009இல் நாளொன்றுக்கு 500 டன் திறனுடன் நாட்டின் முதல் மறுசுழற்சி ஆலை தொடங்கப்பட்டது. இத்தகைய ஆலைகளில் இடிபாடுகள் உடைக்கப்பட்டு, சலிக்கப்பட்டு, கழுவப்பட்டு ஜல்லியாகவும் மணலாகவும் மாறுகின்றன. அவற்றிலிருந்து நடைபாதைக் கற்களும் சுவர்க் கட்டிகளும் வார்க்கப்படுகின்றன.

இரும்புக் கம்பிகள், கதவுகள், ஜன்னல்கள் ஆகியவை பெரும்பாலும் தொட்டியை அடைவதே இல்லை. பழைய பொருள் வணிகர் அவற்றை முன்னரே விலை கொடுத்து வாங்கிச் செல்கிறார். விலையுள்ள பொருள் தானாகவே பிரிகிறது. விலையற்றதே ஒன்றோடொன்று கலந்து தெருவோரத்தில் குவிகிறது. இவ்வுண்மையை நிர்வாகத்தினர் கருத்திற்கொள்ள வேண்டும்.

தகாதவை

சமையலறைக் கழிவும் இலை தழைகளும் அழுகி ஜல்லியின் தரத்தைக் கெடுக்கின்றன. ஜிப்சம் பலகையிலுள்ள சல்பேட் கான்கிரீட்டின் உறுதியைக் குலைக்கிறது. அது அழுகும் பொருள்களோடு ஈரத்தில் புதையுண்டால் நச்சுத்தன்மையுள்ள ஹைட்ரஜன் சல்பைடு வாயு உண்டாகிறது.

கல்நார்த் தகடுகள் உடையும்போது கண்ணுக்குப் புலப்படாத இழைகள் காற்றில் பரவி, நுரையீரல் நோய்க்கும் புற்றுநோய்க்கும் வித்திடுகின்றன. அவற்றை நீர் தெளித்து, உடைக்காமல் கழற்றி, உறையிட்டுத் தனியே அனுப்ப வேண்டும். பாதரசமுள்ள குழல் விளக்குகள், வண்ணப்பூச்சு டப்பாக்கள், மின்கலங்கள், மின்னணுப் பொருள்கள் ஆகியவற்றுக்கு வேறு விதிகள் உள்ளன. வீட்டு வண்ணப்பூச்சில் ஈயத்தின் அளவு 90 பி.பி.எம்.-ஐத் தாண்டலாகாது என்ற விதி 2017 நவம்பரில்தான் நடைமுறைக்கு வந்தது. ஆதலின் அதற்கு முன் பூசப்பட்ட மரத்தை விறகாக எரிப்பது தகாது.

எடையும் ஒரு வரம்பே. திண்மையான கான்கிரீட் ஒரு கன மீட்டர் ஏறத்தாழ 2.4 டன் எடையுள்ளது. இடைவெளிகளுடன் குவிந்த இடிபாடும் கன மீட்டருக்கு ஒரு டன்னை மிஞ்சும். எனவே பெரிய தொட்டியை இடிபாடுகளால் நிரப்பினால், அது நிறையுமுன்பே வண்டியின் சுமைத்திறன் கடந்துவிடலாம். விளிம்புக்கு மேல் குவிக்காமல், தார்ப்பாயால் மூடிய பின்னரே வண்டி புறப்பட வேண்டும்.

செலவு யாருடையது?

கலந்து கொட்டுவோர் சில மணி நேர உழைப்பை மிச்சப்படுத்துகின்றனர். அதன் செலவோ ஆலையின் மீதும், நகராட்சியின் மீதும், குப்பைமேட்டருகே வாழும் மக்களின் மீதும் விழுகிறது. யமுனையின் வெள்ளச் சமவெளியில் இடிபாடு கொட்டுவோருக்கு 50,000 ரூபாய் அபராதம் விதிக்குமாறு தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் 2015 ஜனவரியில் ஆணையிட்டது. எனினும் அபராதம் மட்டும் போதாது. அருகிலேயே சேகரிப்பு நிலையம் வேண்டும். பிரித்த சுமைக்குக் குறைந்த கட்டணம் வேண்டும். விளைபொருளுக்குச் சந்தையும் வேண்டும்.

சந்தைக்கான வழி ஓரளவு திறந்துள்ளது. நகராட்சி, அரசு ஒப்பந்தங்களில் தரக் கட்டுப்பாட்டுடன் 10 முதல் 20 சதவீதம் வரை இப்பொருள்களைக் கொள்முதல் செய்ய 2016ஆம் ஆண்டு விதிகள் வகை செய்தன. அதே ஆண்டில் திருத்தப்பட்ட ஐ.எஸ். 383 தரநிர்ணயம், கம்பியிடாத கான்கிரீட்டில் 25 சதவீதம் வரையிலும், எம்-25 தரம் வரையுள்ள கம்பியிட்ட கான்கிரீட்டில் 20 சதவீதம் வரையிலும் மறுசுழற்சிக் கான்கிரீட் ஜல்லியை அனுமதிக்கிறது.

2026 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வருமாறு 2025இல் வெளியிடப்பட்ட புதிய விதிகள், 20,000 சதுர மீட்டரும் அதற்கு மேலும் கட்டடப் பரப்புள்ள திட்டங்களின் மீது விரிவான பொறுப்பைச் சுமத்துகின்றன. ஆனால் ஒரு குளியலறையை மாற்றியமைக்கும் சிறு குடும்பம் இவ்வரம்புக்குள் வருவதில்லை. அத்தகைய இல்லங்களின் சிறு சிறு குவியல்களே சேர்ந்து ஏரிக்கரைகளையும் வடிகால்களையும் தூர்க்கின்றன. ஆலை வாயிலில் செய்யும் சோதனை காலங்கடந்ததாகும். தொட்டி நிரம்பும் இடத்திலேயே எது ஏற்கத்தக்கது, எது தகாதது என்பதை எளிய பட்டியலாக எழுதி ஒட்டுவதும், இடித்து ஏற்றும் தொழிலாளருக்கு அதனை விளக்குவதும் நகராட்சி அலுவலரின் முதற் கடமையாதல் வேண்டும்.