ஒட்டுப்பலகைப் படகும் கணிப்பொறியும்

கட்டுமரம் என்பது நாம் அனைவரும் அறிந்த சொல். மரங்களைச் சேர்த்துக் கட்டியமையால் அது கட்டுமரம் ஆயிற்று. ஆங்கிலத்தார் அச்சொல்லைக் 'கேட்டமரன்' என்று ஏற்றுக்கொண்டு, பின்னர் இரட்டை உடல் கொண்ட படகுக்குப் பெயராக்கிவிட்டனர். சொல் கடல் கடந்து சென்றது. ஆனால், அக்கலத்திற்கு வேண்டிய கனமற்ற பெருமரங்களோ நம் நாட்டில் அருகிவிட்டன. மரம் அரிதானால் விலை ஏறும். விலை ஏறினால் ஏழை மீனவர் கடன்படுவர். இந்த இடர்ப்பாட்டிற்கு விடையாக வந்ததே பிளைவுட் எனப்படும் ஒட்டுப்பலகையால் ஆன படகு.

1980-களில் குமரி மாவட்டத்து முட்டத்திலும் கேரளக் கரையிலும் இப்படகுகள் உருவாயின. திருவனந்தபுரத்தைத் தலைமையிடமாகக் கொண்டு 1980-இல் தோன்றிய தென்னிந்திய மீனவர் சங்கங்களின் கூட்டமைப்பு இவற்றைக் கட்டிப் பரப்பியது. முட்டத்தில் இப்பணியில் ஈடுபட்ட பியர் ஜில்லெட் தம் பட்டறிவை 1985-இல் ஆங்கில நூலாக வெளியிட்டார். 'சிறியதே கடினம்' என்பது அதன் தலைப்பின் பொருள். 'சிறியதே அழகு' என்று 1973-இல் நூலெழுதிய ஷூமாக்கருக்கு, கடற்கரையிலிருந்து எழுந்த மறுமொழி போல அது அமைந்துள்ளது.

சிறிய படகு ஏன் கடினம்? அதைக் காண்போம்.

பலகையின் இயல்பு

கடற்கரையில் கடலை வாங்குகிறோம். தட்டையான தாளைச் சுருட்டிக் கூம்பாக்கித் தருகிறார் கடலைக்காரர். பிரித்தால் மீண்டும் தட்டைத் தாள்தான். அதே தாளால் ஒரு பந்தைச் சுருக்கமின்றிப் போர்த்த முடியுமா? முடியாது. ஒட்டுப்பலகையும் தாளைப் போன்றதே. ஒரு திசையில் வளையும். ஒரே இடத்தில் இரு திசைகளிலும் வளையாது. வலிந்து வளைத்தால் பிளக்கும். ஆகவே, படகின் ஒவ்வொரு பக்கமும் உருளையின் துண்டாகவோ கூம்பின் துண்டாகவோ அமைதல் வேண்டும். இத்தகைய பரப்பை 'விரிக்கத்தக்க பரப்பு' என்று கூறலாம்.

பலகைகளை இத்தகைய வடிவில் வெட்டி, விளிம்புகளில் துளையிட்டுச் செம்புக் கம்பியால் தைத்து, இணைப்பின்மேல் கண்ணாடியிழையும் பிசினும் இடுவது ஒரு முறை. சோழமண்டலக் கரையில் தென்னங்கயிற்றால் பலகைகளைத் தைத்து மசூலாப் படகு கட்டிய மரபை இது நினைவூட்டுகின்றதன்றோ?

கணிப்பொறியின் பணி

முன்னாளில் வரைபவர் இப்பரப்புகளைத் தாளில் கோடு கோடாக இழுத்துக் கண்டனர். இன்று அப்பணியைக் கணிப்பொறி செய்கிறது. 'ஃப்ரீஷிப்' போன்ற மென்பொருள்கள் பொருட்செலவின்றியே கிடைக்கின்றன. படகின் விளிம்புக் கோடுகளைத் தந்தால், பரப்பு விரிக்கத்தக்கதா என்பதை அவை காட்டும். பின்னர் அதை விரித்துத் தட்டைப் பலகையில் வரையவேண்டிய அளவுகளைத் தரும். ஒன்றோடொன்று தைக்கவேண்டிய இரு விளிம்புகளும் ஒரே நீளமாக இருத்தல் இன்றியமையாதது. இதையும் மென்பொருளிலேயே சரிபார்க்கலாம்.

மிதப்புக் கணக்கையும் அது போடும். எனினும் மாணவர் ஒரு முறையேனும் கையால் போட்டுப் பார்த்தல் நன்று. நீர்மட்டத்தில் 6 மீட்டர் நீளமும் 1.5 மீட்டர் அகலமும், நீருக்குள் 0.3 மீட்டர் ஆழமும் உள்ள படகைக் கொள்வோம். மூன்றையும் பெருக்கினால் 2.7 கன மீட்டர். படகு பெட்டி போலன்றிக் குறுகிச் செல்வதால் அதில் 0.45 பங்கையே கொள்வோம், ஏறத்தாழ 1.2 கன மீட்டர் வரும். கடல்நீர் கன மீட்டருக்குச் சுமார் 1,025 கிலோ. ஆகவே படகும் ஆட்களும் வலையும் எஞ்சினும் சேர்ந்து ஏறத்தாழ 1,245 கிலோ இருக்கலாம். இனி, நீர்மட்டப் பரப்பு 6.3 சதுர மீட்டர் எனின், 65 கிலோ ஏற்றினால் படகு ஒரு சென்டிமீட்டர் தாழும். 300 கிலோ மீனுடன் திரும்பும்போது நான்கரை சென்டிமீட்டருக்கு மேல் தாழ்ந்திருக்கும்.

கணிப்பொறி அறியாதவை

இவ்வளவும் அமைதியான நீருக்குரிய கணக்கு. நம் கரையிலோ அலை உடையும் இடத்தைக் கடந்தே படகு செல்லவேண்டும். கட்டுமரத்தின்மேல் ஏறிய நீர் இடைவெளி வழியே தானே வடிந்துவிடும். உட்குழிவான படகில் ஏறிய நீர் அங்கேயே தங்கி ஆளை அமிழ்த்தும். ஆதலின் மேல்தளம் அமைத்து மூடுவதும், நீர் புகாத அறைகள் வைப்பதும் தேவையாயின. மணலில் இழுக்கும்போது அடிப்பலகை தேயும். அங்கே கூடுதல் காப்பு வேண்டும். எத்தனை பேர் இழுப்பர், வலை எங்கே கிடக்கும், எங்கே நின்று துடுப்புப் போடுவர் என்பவற்றை மென்பொருள் தானாக அறியாது. கடலுக்குச் செல்பவரே அறிவர்.

பலகையின் தரத்தையும் திரை காட்டாது. கடற்பயன் ஒட்டுப்பலகைக்கு ஐ.எஸ். 710 என்னும் இந்தியத் தர அளவு உண்டு. பலகைத் துண்டை 72 மணி நேரம் கொதிநீரில் இட்டு, பசை விடுகிறதா என்று பார்ப்பது அதிலுள்ள சோதனைகளுள் ஒன்று. மலிவான பலகையை வாங்கிக் கட்டினால், சிறந்த வடிவமும் சில பருவங்களில் பிரிந்துபோகும்.

நாம் செய்யத்தக்கது

மென்பொருளில் ஒரு சிறு படகை வரைந்து, பத்தில் ஒரு பங்கு அளவில் கெட்டி அட்டையில் வெட்டி ஒட்டிப் பாருங்கள். விளிம்புகள் பொருந்தினால் உங்கள் வடிவியல் சரி. பின்னர் அதை வலியதுறைக்கோ பூந்துறைக்கோ எடுத்துச் சென்று, மூத்த மீனவர் ஒருவரிடம் காட்டுங்கள். "இதில் கடலுக்குப் போவீர்களா?" என்று கேளுங்கள். அவர் சொல்லும் குறைகளைத் திருத்தி மீண்டும் வரையுங்கள். படகு பிழைபட்டால் இழப்பது அவர் உயிர். ஆகவே, இறுதித் தேர்வாளரும் அவரே.