கணினிக்குள் ஒரு கணினி

பெரம்பலூர், அரியலூர்ப் பகுதிச் சிற்றூர்களில் கணினியுடைய இல்லங்களிற் பெரும்பாலும் ஒரு கணினியே இருத்தல் இயல்பு. 2011-ஆம் ஆண்டில் தமிழ்நாட்டரசு மாணவர்க்கு விலையின்றி வழங்கத் தொடங்கிய மடிக்கணினியே பல குடும்பங்கட்கு முதற்கணினியாயிற்று. அத்தகைய ஒரு கணினியிலேயே தம்பி பாடம் படிப்பான். தமக்கை வேலைக்கு விண்ணப்பிப்பாள். தந்தையார் பருத்தி விலை பார்ப்பார். அதனை இயக்கும் மென்பொருளின் உட்கருவையே பிரித்துப் பார்த்துப் பயில விரும்பும் மாணவன் என்செய்வான்? ஒரு வரி பிழைபடினும் கணினி எழுந்திராது போகலாம். வீட்டார் அனைவர் வேலையும் நின்றுவிடும். இவ்விடர்ப்பாட்டிற்கு அறிஞர் கண்ட தீர்வுகளுட் சிறந்தது மெய்ந்நிகர்க் கணினி. அதன் இயல்பையும், அது பழுதுற்றவிடத்து ஆராயும் முறையையும், அதனை வளர்ப்பார் தொழிலையும் ஈண்டு ஒருவாறு கூறப் புகுந்தாம்.

முதற்கண் கெர்னல் இன்னதென அறிதல் வேண்டும். செயலி, நினைவகம், வட்டு முதலிய வன்பொருள்களை நிரல்கட்குப் பங்கிட்டளிக்கும் பொறுப்புடைய உட்கரு மென்பொருளே கெர்னல் எனப்படும். ஏரிநீரை முறைவைத்துப் பாய்ச்சுவோன் ஒருவன் இல்லையேல் தலைமடை வயல்கள் நிறையக் கடைமடை வயல்கள் வாடும், கணினியிலும் அஃதே. லைனஸ் டோர்வால்ட்ஸ் என்பார் 1991-இல் தொடங்கிய லினக்ஸ் கெர்னலின் மூலநிரல் எவர்க்கும் திறந்துள்ளது. அதனைப் படிக்கலாம், திருத்தலாம், பிறர்க்கும் வழங்கலாம்.

அக்கெர்னலின் துணைகொண்டு ஒரு கணினியினுள்ளே மற்றொரு கணினியைத் தோற்றுவித்தலே மெய்ந்நிகர்க் கணினியாம். உள்ளே இயங்குவதை விருந்து என்றும், அதற்கு இடமளிப்பதை ஓம்புநர் என்றும் கூறுவாம். விருந்து, தனக்கெனச் செயலியும் நினைவகமும் வட்டும் உண்டென்றே கொண்டு நடக்கும். அவ்வட்டோ ஓம்புநரிடத்துள்ள ஒரு கோப்பேயாகும். விருந்து நிலைகுலைந்தால், முன்பே எடுத்துவைத்த படியைக்கொண்டு மீண்டும் தொடங்கலாம். வீட்டுக் கணினி தன் வேலையைச் செய்துகொண்டேயிருக்கும்.

இக்கருத்துப் புதியதன்று. 1960-களின் பிற்பகுதியிலேயே ஐ.பி.எம். நிறுவனத்தார் தம் பெருங்கணினி ஒன்றைப் பலர்க்குத் தனித்தனிக் கணினிபோல வகுத்தளித்தனர். 1974-இல் போபெக், கோல்ட்பர்க் என்னும் இருவர் இதற்கோர் இலக்கணம் வகுத்தனர். கணினியின் பொதுநிலையை மாற்றவல்ல கட்டளையை உரிமையற்ற நிரல் இடுமாயின், செயலி அதனை உடனே தடுத்து மேற்பார்வை நிரலிடம் ஒப்புவித்தல் வேண்டும் என்பது அதன் சாரம். நம் மேசைக் கணினிகளிலுள்ள இன்டெல் வகைச் செயலிகள் நெடுநாள் இவ்விலக்கணத்தினின்றும் வழுவி நின்றன. அவற்றுள் 17 கட்டளைகள் இவ்விலக்கணத்திற்கு அடங்கா என்று 2000-இல் வெளிவந்த ஓர் ஆராய்ச்சி காட்டிற்று. சில கட்டளைகள் தமக்குரிய செயலைச் செய்யாததோடு, செய்யாமையைத் தெரிவித்தலும் இல. 2005-இல் இன்டெல்லும் 2006-இல் ஏ.எம்.டி.யும் செயலியிலேயே புதிய நிலையொன்றை அமைத்து இக்குறையை நீக்கின. அதனைப் பயன்கொண்டு அவி கிவிட்டி என்பார் கும்ரானெட் என்னும் இஸ்ரேலிய நிறுவனத்திலிருந்து இயற்றிய கே.வி.எம். என்னும் பகுதி, 2007 பிப்ரவரியில் வெளிவந்த லினக்ஸ் 2.6.20-இல் இடம்பெற்றது.

அது தொழிற்படும் முறை வருமாறு. விருந்தின் கட்டளைகளுட் பெரும்பாலன செயலியில் நேரே ஓடும். தடுக்கற்பாலதொன்று வரின், செயலி விருந்தைவிட்டு வெளியேறிக் கெர்னலிடம் வரும். கே.வி.எம். தன்னால் இயன்றதைத் தானே முடித்து, வட்டு, வலைப்பின்னல் முதலிய கருவிகளைப் பற்றிய வினாக்களிற் பலவற்றைக் கியூ-எமு என்னும் வெளிநிரலிடம் விடும். பின்னர் விருந்து விட்ட இடத்திலிருந்தே தொடரும். ஆகவே செயலி, ஓம்புநரின் கெர்னல், கியூ-எமு, விருந்தின் கெர்னல் என நான்கு படிகள் உள. எப்பழுதாயினும், அஃது எப்படியில் நேர்ந்தது என்று வினவுதலே ஆராய்ச்சியின் தொடக்கமாம். இவ்வினாவை விடுத்துக் கண்டதையெல்லாம் மாற்றுவோர், ஒரு பழுதை இரண்டாக்குவர்.

எடுத்துக்காட்டுச் சில காண்பாம். விருந்து எழுகின்றது, ஆயினும் ஆமைபோல் ஊர்கின்றது என்று கொள்வோம். பெரும்பாலும் இஃது, கே.வி.எம். தொழிற்படாமல், கியூ-எமு ஒவ்வொரு கட்டளையையும் மென்பொருளாலேயே பெயர்த்து இயக்குவதன் விளைவு. செயலிக்கு அவ்வாற்றல் உண்டாவென்று முதலிற் காண்க, இன்டெல்லாயின் வி.எம்.எக்ஸ். என்றும், ஏ.எம்.டி. ஆயின் எஸ்.வி.எம். என்றும் அதன் குறிப்பில் இருக்கும். ஆற்றலிருந்தும் பயாஸ் அமைப்பில் அது முடக்கப்பட்டிருத்தல் உண்டு. கெர்னலின் செய்திக் குறிப்பைப் படித்தால் அது தெரியவரும். அதுவும் செவ்வனே இருப்பின், கே.வி.எம். கோப்பைத் திறக்கும் உரிமை பயனருக்கு உண்டாவென்று பார்க்க.

இனி, ஓம்புநரிடத்தில் குறையொன்றும் இல்லை. விருந்தோ பாதி எழுந்து, தன் வட்டைக் காணவில்லையென்று நின்றுவிடுகின்றது. இங்கே பழுது நான்காம் படியில் உளது. மெய்ந்நிகர்க் கருவிகட்கென ரஸ்டி ரஸ்ஸல் என்பார் வகுத்த விர்ட்டியோ முறையில் வட்டு அளிக்கப்பட்டிருக்க, அதனை இயக்கும் பகுதி விருந்தின் கெர்னலிற் சேர்க்கப்படாமல் விடுபட்டிருக்கலாம், அன்றி, எஸ்.டி.ஏ. என்ற பெயரில் வட்டைத் தேடுமாறு எழுதியிருக்க, அது வி.டி.ஏ. என்ற பெயரில் வந்திருக்கலாம். பெயர் மாறியவிடத்துப் பொருளையே இல்லையென்று கொள்ளும் பேதைமை கணினிக்கும் உண்டு.

நிற்க. நேற்றைய கெர்னலில் ஓடிய விருந்து இன்றைய கெர்னலில் ஓடாதாயின் யாது செய்வது? இவ்விடத்தில் தமிழ் மாணவராகிய நமக்குப் பழக்கமான நெறியொன்று கைகொடுக்கின்றது. இளமையில் அரியலூர்ச் சடகோபையங்காரிடமும், பெரம்பலூரை அடுத்த செங்கணத்தில் விருத்தாசல ரெட்டியாரிடமும் பாடங்கேட்ட உ. வே. சாமிநாதையர், 1887-இற் சீவகசிந்தாமணியைப் பதிப்பித்தபோது பல ஏடுகளை ஒப்புநோக்கியே பாடங்களைத் துணிந்தார். ஓர் ஏட்டிற் புகுந்த பிழை, அதனைப் பார்த்தெழுதிய படிகளிலும் தொடர்தல் இயல்பு. கெர்னலிலும் பிழை அவ்வாறே தொடர்கின்றது. ஆயின் ஒரு வேற்றுமை: ஏடெழுதினோர் பலர் பெயரும் நாளும் நமக்குத் தெரியா; கெர்னலில் ஒவ்வொரு திருத்தமும் இயற்றினோர் பெயரோடும் நாளோடும் காரணத்தோடும், டோர்வால்ட்ஸ் 2005-இல் அமைத்த கிட் என்னும் பதிவேட்டில் உளது.

நல்ல பதிப்பொன்றையும் பழுதுற்ற பதிப்பொன்றையும் குறித்து, இடைப்பட்ட திருத்தங்களின் நடுவே ஒன்றைச் சோதித்தல் வேண்டும். அது நன்றாயின் பிழை பின்பாதியிலும், அன்றாயின் முன்பாதியிலும் இருக்கும். இங்ஙனம் பாதிபாதியாகக் குறைத்துவரின், 1,000 திருத்தங்களுக்கு ஏறத்தாழ 10 சோதனைகளும், 16,000 திருத்தங்களுக்கு 14 சோதனைகளும் போதும். ஒவ்வொரு சோதனையிலும் ஒரு கெர்னலைக் கட்டியெழுப்பி இயக்குதல் வேண்டும். பிழை விருந்தின் கெர்னலிலாயின், அவையனைத்தையும் விருந்தினுள்ளேயே இயக்கலாம். வீட்டுக் கணினியைத் தொடவேண்டுவதில்லை. முதற் கட்டளையிலேயே விருந்தை நிறுத்திவைத்து, ஜி.டி.பி. என்னும் கருவியால் அடியடியாக நடத்திப் பார்த்தலும் கூடும்.

பழுது நீக்குதல் ஒருபுறமிருக்க, புதியது படைத்தற்கும் இதுவே களம். சென்னை ஐ.ஐ.டி.யார் இயற்றும் சக்தி என்னும் செயலிகள், ரிஸ்க்-வி என்னும் திறந்த கட்டளைத் தொகுதியைப் பின்பற்றுவன. அத்தொகுதிக்குக் கே.வி.எம். துணையை அமைத்தவருள் முதல்வர் அனூப் பட்டேல் என்னும் இந்தியப் பொறியாளர். 2019-இலேயே அவர் தம் நிரலை மதிப்பீட்டிற்கு முன்வைத்தார். வன்பொருள் இலக்கணம் முடிவுறுமுன் கெர்னலில் அதற்குரிய பகுதியை ஏற்பதில்லை என்பது அப்பகுதிக் காவலர் கொண்ட விதி. ஆதலின் அந்நிரல் மீண்டும் மீண்டும் திருத்தப்பட்டு, 2022 ஜனவரியில் வெளிவந்த 5.16-ஆம் பதிப்பிலேதான் இடம்பெற்றது. அவ்வாற்றலுடைய செயலி கடைக்கு வருமுன்னரே, கியூ-எமு அதனை மென்பொருளாற் போலச் செய்து காட்டிற்று. அதன்மேலேயே நிரல் சோதிக்கப்பட்டு வளர்ந்தது. இல்லாத செயலிக்கும் இங்ஙனம் நிரல் எழுதலாம் எனின், பழைய மடிக்கணினி ஒன்றேயுடைய மாணவன் தனக்குக் களமில்லையென வருந்த வேண்டுவதில்லை என்பது போதரும்.

இத்துறையில் முயல்வார்க்கு மூன்று நெறிகள் கூறி அமைவாம். ஒருகாலத்து ஒன்றையே மாற்றுக. செய்ததையும் கண்டதையும் பதிப்பெண்ணோடு குறித்துவைக்க. பிழையின் காரணம் விளங்கியபின், அதனைப் பிறரும் மீண்டும் நிகழ்த்திக் காணுமாறு தெளிய எழுதிக் காவலர்க்கு அறிவிக்க. திருத்தம் ஏற்கப்படாது திரும்பினும், திரும்பிய காரணத்தைப் படித்தல் ஒரு பாடமேயாம். குன்னத்திலும் செந்துறையிலும் ஆண்டிமடத்திலும் உள்ள நம் இளைஞர், வீட்டிலுள்ள ஒரு கணினிக்கு ஊறு நேராமலே அதன் உட்கருவைத் துணிந்து பயில்வாராக.