எமர்ஜென்சி வார்டும் நம்ம பிக்யூடி பேப்பரும்

பிக்யூடி, அதாவது ப்ராபபிலிட்டி அண்ட் க்யூயிங் தியரி பேப்பர்ல க்யூயிங் யூனிட்டை சாய்ஸ்ல விட்டவங்க கொஞ்சம் கை தூக்குங்க. நானும் தூக்குறேன். ஃபார்முலாவை மனப்பாடம் பண்ணி, கொஸ்டின் பேங்க்ல இருந்த ரெண்டு கணக்கை அப்படியே எழுதி, பாஸ் பண்ணி வெளியே வந்த ஆள் நான். அந்த யூனிட்டுக்கும் ஒரு மனுஷனோட உயிருக்கும் சம்பந்தம் இருக்குன்னு ஃபைனல் இயர்லதான் தெரிஞ்சது.

எங்க ப்ராஜெக்ட் டீம்ல மூணு பேர். ஆஸ்பத்திரி எமர்ஜென்சில கூட்டத்தைக் குறைக்க ஒரு ஆப் பண்ணலாம்னு முடிவு பண்ணோம். வர்றவங்க அறிகுறிகளை டைப் பண்ணா, மெஷின் லேர்னிங் மாடல் ஒண்ணு யாரை முதல்ல பார்க்கணும்னு வரிசைப்படுத்தும். ஜீரோத் ரிவ்யூல எங்க கைடு மேடம் ஒரே ஒரு கேள்விதான் கேட்டாங்க: "சரிப்பா, அங்க வரிசை எங்க நிக்குதுன்னு பார்த்தீங்களா?" நாங்க மூணு பேரும் ஒருத்தரை ஒருத்தர் பார்த்துக்கிட்டோம். வாசல்லதானே நிக்கும்?

அதுக்கப்புறம் ஒரு மாசம் ஆய்வுக் கட்டுரைகளா படிச்சோம். அதுல தெரிஞ்சுக்கிட்டதைத்தான் இங்க எழுதுறேன்.

முதல்ல ஒரு தப்புக் கணக்கு

எமர்ஜென்சில ஏன் இவ்வளவு கூட்டம்னு யாரைக் கேட்டாலும், "சளி, காய்ச்சலுக்கெல்லாம் அங்க போய் உக்கார்ந்துடறாங்க"ன்னுதான் பதில் வரும். கேட்கவே நியாயமா இருக்கும். கனடாவோட ஒன்டாரியோ மாகாணத்துல இதை அளந்தே பார்த்தாங்க. 110 எமர்ஜென்சி பிரிவுகள், ஒரு வருஷம், சுமார் 41 லட்சம் வருகைகள். 2007ல் வெளிவந்த முடிவு இதுதான்: 8 மணி நேரத்துல சின்னப் பிரச்சனையோட கூடுதலா 10 பேர் வந்தா, பெரிய பிரச்சனையோட வந்தவங்க அங்க இருக்கிற சராசரி நேரம் 5.4 நிமிஷம் கூடுது. டாக்டரை முதல் தடவை பார்க்கிற நேரம் 2.1 நிமிஷம் தள்ளிப் போகுது.

அவ்வளவுதான். மணிக்கணக்கா காத்திருக்கிற இடத்துல அஞ்சு நிமிஷம். ஏன் இவ்வளவு கம்மி? சளிக்காரருக்கு ஸ்ட்ரெச்சர் வேண்டாம், ஸ்கேன் வேண்டாம், பெட் வேண்டாம். சேர்ல உக்கார்ந்து, மாத்திரை வாங்கிட்டு கிளம்பிடுவார். ஸ்ட்ரெச்சரை அடைச்சு வச்சிருக்கிறது அவர் இல்லை.

அப்போ யார்? எமர்ஜென்சி டாக்டர் பார்த்து முடிச்சு, "இவரை அட்மிட் பண்ணணும்"னு எழுதின பிறகும், மேல வார்டுல பெட் காலியாகாததால அங்கேயே படுத்திருக்கிறவர். இந்தக் காத்திருப்புக்கு ஆய்வாளர்கள் வச்சிருக்கிற பேர் 'போர்டிங்'. ஹாஸ்டல் போர்டிங் இல்லை, இது வேற.

லிட்டில் சொன்ன சின்ன விதி

இப்போ பிக்யூடி நோட்டைத் திறங்க. ஜான் லிட்டில் 1961ல நிரூபிச்ச விதி ஞாபகம் இருக்கா? ஒரு இடத்துக்குள்ள சராசரியா இருக்கிற ஆட்கள் = ஆட்கள் வர்ற வேகம் × ஒருத்தர் உள்ள தங்குற சராசரி நேரம்.

நானே ஒரு கணக்கு போடுறேன். ஒரு எமர்ஜென்சில 30 ஸ்ட்ரெச்சர். மணிக்கு 3 பேருக்கு அட்மிஷன் எழுதுறாங்க. வார்டு பெட் கிடைக்க 2 மணி நேரம் ஆகுதுன்னா, எந்த நேரத்துல எட்டிப் பார்த்தாலும் சராசரியா 6 ஸ்ட்ரெச்சர் இவங்களால நிறைஞ்சிருக்கும். புதுசா வர்றவங்களுக்கு 24 மீதி. அதே பெட் கிடைக்க 8 மணி நேரம் ஆனா? 3 × 8 = 24 ஸ்ட்ரெச்சர் போச்சு. மீதி 6தான்.

கவனிங்க. வாசல்ல ஒரு ஆள்கூட கூடுதலா வரலை. டாக்டர் வேலையும் மெதுவாகலை. ஆனாலும் நெஞ்சு வலியோட வர்றவருக்கு இடம் இல்லை. எங்க ஆப் இந்த இடத்துல என்ன பண்ணியிருக்கும்? மீதி 6 ஸ்ட்ரெச்சருக்கு யார் முதல்ல போகணும்னு ரொம்ப அழகா வரிசைப்படுத்தியிருக்கும்!

காத்திருந்தா என்ன ஆகும்?

"டாக்டர்தான் பார்த்துட்டாரே, வைத்தியமும் ஆரம்பிச்சாச்சு, எங்க படுத்தா என்ன?"ன்னு தோணலாம். எனக்கும் தோணுச்சு. ரெண்டு ஆய்வுகள் அந்த எண்ணத்தை மாத்துச்சு.

முதலாவது இங்கிலாந்து. அங்க எமர்ஜென்சிக்கு வந்தவரை 4 மணி நேரத்துக்குள்ள அட்மிட் பண்ணணும், வேற இடத்துக்கு மாத்தணும், இல்லை வீட்டுக்கு அனுப்பணும்னு ஒரு இலக்கு உண்டு. 2004ல இருந்து 98% பேருக்கு, 2010ல இருந்து 95% பேருக்குன்னு வச்சாங்க. 2015 ஜூலைக்குப் பிறகு நாடு முழுக்க அந்த 95%ஐத் தொடவே இல்லை. 2022ல எமர்ஜென்சி மெடிசின் ஜர்னல்ல வந்த ஆய்வு, 2016 ஏப்ரல்ல இருந்து 2018 மார்ச் வரைக்கும் அங்க பெரிய எமர்ஜென்சி பிரிவுகள் வழியா அட்மிட் ஆன 52 லட்சத்துக்கும் மேற்பட்டவங்களோட பதிவுகளைப் பார்த்தது. வந்து 5 மணி நேரம் தாண்டின பிறகு, தாமதம் கூடக் கூட 30 நாளைக்குள்ள இறக்குறவங்க விகிதமும் நேர்கோட்டுல கூடிக்கிட்டே போகுது. வார்டுக்குப் போக 6ல் இருந்து 8 மணி நேரம் ஆன ஒவ்வொரு 82 பேருக்கும் கூடுதலா ஒரு மரணம். 8ல் இருந்து 12 மணி நேரம்னா, 72 பேருக்கு ஒண்ணு.

நம்ம கிளாஸ் ஸ்ட்ரென்த்தை நினைச்சுப் பாருங்க. ஏறத்தாழ ஒரு கிளாஸுக்கு ஒருத்தர்.

இரண்டாவது பிரான்ஸ். 2022 டிசம்பர் 12 முதல் 14 வரைக்கும் 97 எமர்ஜென்சி பிரிவுகள்ல, 75 வயசும் அதுக்கு மேலயும் உள்ள 1,598 பேரைத் தொடர்ந்து கவனிச்சாங்க. நடு ராத்திரிக்கு முன்னாடியே வார்டுக்குப் போனவங்க ஒரு குழு. பெட் இல்லாம நடு ராத்திரில இருந்து காலை 8 மணி வரைக்கும் எமர்ஜென்சிலயே கிடந்தவங்க இன்னொரு குழு. ஆஸ்பத்திரியிலேயே இறந்தவங்க முதல் குழுவுல 11.1%, இரண்டாவது குழுவுல 15.7%. அன்றாட வேலைக்கே இன்னொருத்தர் உதவி தேவைப்படுற முதியவங்களுக்குத்தான் ஆபத்து இன்னும் அதிகம்.

ஒரே ஒரு ராத்திரி. அதுல என்ன நடக்குது? எமர்ஜென்சி நர்ஸோட கவனம் எப்பவும் இப்போ வந்து விழுந்த ஆள் மேலதான் இருக்கும், இருக்கவும் வேணும். அதுக்கு நடுவுல ஏற்கெனவே பார்த்து முடிச்ச பாட்டிக்கு இரண்டாவது டோஸ் ஆன்டிபயாடிக் தள்ளிப் போகும். வீட்டுல தினமும் போடுற மாத்திரை விட்டுப் போகும். குறுகலான ஸ்ட்ரெச்சர்ல புரள முடியாம படுக்கைப் புண் ஆரம்பிக்கும். விடிய விடிய லைட்டும் சத்தமும் இருந்தா, எங்க இருக்கோம்னே தெரியாம மனசு குழம்பும். யாரும் பெரிய தப்பு பண்ணலை. சின்னச் சின்னதா நிறைய விட்டுப் போகுது.

ஒரு எச்சரிக்கையும் சொல்லிடணும். இது ரெண்டும் நடந்ததைக் கவனிச்ச ஆய்வுகள். யாரைக் காக்க வைக்கிறதுன்னு குலுக்கல் போட்டுப் பிரிச்ச சோதனை இல்லை, அப்படிப் பண்ணவும் கூடாது. வயசு, ஏற்கெனவே இருந்த நோய் மாதிரி விஷயங்களைக் கணக்குல கழிச்சுதான் பார்த்தாங்க. இருந்தாலும் தாமதம் மட்டுமே காரணம்னு நூறு சதவீதம் சொல்ல முடியாது. இங்கிலாந்து, பிரான்ஸ் எண்களை நம்ம ஊருக்கு அப்படியே தூக்கி ஒட்டவும் கூடாது.

கடைசி பத்து சதவீதத்தோட விலை

சரி, பெட் ஏன் காலியாக மாட்டேங்குது? பெட்டை எப்பவும் நிரப்பியே வச்சிருந்தாத்தான் திறமையான நிர்வாகம்னு ஒரு நினைப்பு இருக்கு. இங்கதான் க்யூயிங் தியரியோட வளைவு வருது.

ஒரே ஒரு கவுன்டர் இருக்கிற எளிய மாடலை எடுத்துக்குங்க. கவுன்டர் 80% நேரம் பிஸியா இருந்தா உள்ள சராசரியா 4 பேர். 90% ஆனா 9 பேர். 95% ஆனா 19 பேர். வேலை அஞ்சு சதவீதம்தான் கூடுச்சு, கூட்டம் ரெண்டு மடங்குக்கு மேல ஆயிடுச்சு. ஆஸ்பத்திரிக்கு நூத்துக்கணக்குல பெட் இருக்கிறதால வளைவு இன்னும் கொஞ்சம் தள்ளிப் போய்த்தான் மேல ஏறும், ஆனா அதே மாதிரி செங்குத்தா ஏறும். 1999ல பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னல்ல வந்த ஒரு சிமுலேஷன் ஆய்வும் இதைத்தான் காட்டுச்சு: பெட் நிரம்பல் சராசரியா 85% தாண்டினா இடமில்லாமப் போற ஆபத்து தெரிய ஆரம்பிக்கும், 90% தாண்டினா நெருக்கடி அடிக்கடி வரும்.

அதுலயும் நிரம்பின பெட்டுல இருக்கிற எல்லாருக்கும் பெட் தேவைப்படுதான்னா, அதுவும் இல்லை. 2023 ஜனவரில இங்கிலாந்துல ஒரு நாளைக்கு சுமார் 14,000 பேர், டிஸ்சார்ஜ் பண்ணலாம்னு டாக்டர் சொன்ன பிறகும் ஆஸ்பத்திரியிலேயே இருந்தாங்க. பல பேருக்கு வீட்டுல பார்த்துக்க ஆள் ஏற்பாடாகலை, இல்லை பராமரிப்பு இல்லத்துல இடம் கிடைக்கலை. ஊர்க் கோடில ஒரு பராமரிப்பு இல்லத்துல இடம் இல்லைன்னா, எமர்ஜென்சி வாசல்ல ஆம்புலன்ஸ் நிக்குது. நடுவுல இருக்கிற கண்ணி நம்ம கண்ணுக்குத் தெரியறதில்லை.

அப்போ என்ன பண்ணலாம்?

செஞ்சு பார்த்த சில வழிகள் இருக்கு.

ஒண்ணு, சுமையைப் பிரிக்கிறது. அமெரிக்காவுல நியூயார்க் மாநிலத்துல இருக்கிற ஸ்டோனி புரூக் ஆஸ்பத்திரில டாக்டர் பீட்டர் விசெல்லியோ ஒரு முறையைக் கொண்டு வந்தார். எமர்ஜென்சி நிரம்பி வழிஞ்சா, அட்மிஷன் எழுதின, நிலைமை சீரா இருக்கிற நோயாளிகளை அந்தந்த வார்டு வராந்தாவுக்கு அனுப்பிடறது. எப்படியும் வராந்தாலதான் படுக்கணும்னா, முப்பது பேரும் எமர்ஜென்சி வராந்தால படுக்கிறதுக்குப் பதிலா ஒவ்வொரு வார்டுலயும் ஒண்ணு ரெண்டு பேர். 2009ல வந்த அவங்க கட்டுரைல, இப்படிப் போனவங்களுக்குக் கூடுதல் ஆபத்து தெரியலை. வார்டு வராந்தாவே தேவலைன்னு நோயாளிகள்ல பெரும்பாலானவங்க சொன்னதா பிறகு ஒரு ஆய்வும் வந்தது.

ரெண்டு, ஆபரேஷன் தேதிகளைச் சமப்படுத்துறது. இதைப் பேசினவர் யூஜின் லிட்வாக், ஆபரேஷன்ஸ் ரிசர்ச் படிச்சவர். விபத்து எப்போ நடக்கும்னு யாராலயும் தீர்மானிக்க முடியாது. ஆனா முன்கூட்டியே தேதி குறிக்கிற ஆபரேஷன்களை நாமதான் தீர்மானிக்கிறோம். அதை வாரத்துல சில நாள்ல குவிச்சா, அந்த நாள்ல பெட் பஞ்சம் நாமளே உண்டாக்கினது. வாரம் முழுக்கப் பரப்பினா, ஒரு பெட்கூட வாங்காமலே இடம் கிடைக்கும்.

மூணு, இலக்கை மொத்த ஆஸ்பத்திரிக்கும் வைக்கிறது. மேற்கு ஆஸ்திரேலியா 2009ல 4 மணி நேர விதியைக் கொண்டு வந்தப்போ, எமர்ஜென்சி டாக்டரை மட்டும் விரட்டாம, வார்டு, லேப், டிஸ்சார்ஜ்னு எல்லாருக்குமான பொறுப்பா ஆக்கினாங்க. அதுக்கப்புறம் அங்க மூணு பெரிய ஆஸ்பத்திரிகள்ல எமர்ஜென்சி நெரிசலும் குறைஞ்சது, இறக்குறவங்க விகிதமும் 13% குறைஞ்சதுன்னு 2012ல வந்த ஆய்வு சொல்லுது.

இந்த மூணுலயும் ஒரு ஒற்றுமையைக் கவனிச்சீங்களா? எதுவுமே எமர்ஜென்சி வாசல்ல நடக்கலை.

எங்க ப்ராஜெக்ட் என்ன ஆச்சு?

ஆப்பைக் கைவிட்டோம். வர்றவங்களை வரிசைப்படுத்துறது வேண்டாத வேலைன்னு சொல்லலை. உயிருக்குப் போராடுறவரை முதல்ல பார்க்கிறதுக்கு அது கண்டிப்பா வேணும். ஆனா எங்க டைட்டில்ல இருந்த "கூட்டத்தைக் குறைக்கும்"ங்கிற வார்த்தைக்கு அது பொருந்தலை. இப்போ பைத்தான்ல ஒரு வார்டு சிமுலேஷன் பண்ணிட்டு இருக்கோம். டிஸ்சார்ஜ் சாயங்காலத்துக்குப் பதிலா மதியத்துக்கு முன்னாடி நடந்தா, எமர்ஜென்சில எத்தனை ஸ்ட்ரெச்சர் காலியாகும்? கேள்வி அவ்வளவுதான். டெமோல காட்டுறதுக்கு கலர் கலரா ஒண்ணும் இல்லை. "ஏஐ எங்கப்பா?"ன்னு ஃபர்ஸ்ட் ரிவ்யூல பேனல்ல கேட்டாங்க. இல்லைன்னு சொன்னோம். மார்க் என்ன ஆகும்னு இன்னும் தெரியாது.

ஜூனியர்ஸ், நீங்களும் ஆஸ்பத்திரி, பஸ் ஸ்டாண்ட், ரேஷன் கடைன்னு கூட்டம் உள்ள எந்த இடத்துக்கு ப்ராஜெக்ட் எடுத்தாலும், லேப்டாப்பைத் திறக்கிறதுக்கு முன்னாடி ஒரு நாள் அங்க போய் நில்லுங்க. உள்ள வர்ற வழியை மட்டும் பார்க்காம, வெளியே போற வழி எங்க அடைச்சிருக்குன்னும் பாருங்க. அப்புறம் அந்த க்யூயிங் யூனிட்டை சாய்ஸ்ல விடாதீங்க. ஏதோ ஒரு ஸ்ட்ரெச்சர்ல, ராத்திரி முழுக்க லைட்டைப் பார்த்துக்கிட்டு, ஒரு பாட்டி பெட்டுக்காகக் காத்திருக்காங்க. அவங்க கணக்கு அந்த யூனிட்லதான் இருக்கு.